ஆச்சி உதறிய சோறு

கண் அறுவைக்காக ஆச்சி சென்னைக்கு வந்து ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். அந்த நாட்களில்தான் கூடத்து ஜன்னலோரம் நான் விதைத்திருந்த அரைக்கீரை இரண்டாம் முறையாகக் கெட்டுப்போனது. தண்ணீரில்லாமல் வாடவில்லை; தொட்டி ஈரமாகவே இருந்தது. இலைகளின் விளிம்பு மட்டும் நெருப்பில் காட்டியதுபோல் பழுப்பாகி, உள்நோக்கிச் சுருண்டு, பத்து நாளில் எல்லாம் தலைசாய்ந்தன. வெந்தயம் முளைத்ததோடு சரி.

எங்களுடையது இரண்டாம் தளத்து வீடு. மொட்டைமாடிச் சாவி குடியிருப்போர் சங்கத்திடம் இருக்கிறது. தண்ணீர் இறங்கித் தளம் கெடும் என்று அங்கே தொட்டி வைக்க அனுமதியில்லை. ஆகவே நான்கு மணிநேரம் வெயில் விழுகிற கிழக்கு ஜன்னல்தான் என் வயல். மண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டுமே என்று நான் தயங்கியபோது, செடி விற்கும் கடையில் அழுத்திக் கட்டியாக்கிய தென்னை நார்க்கழிவை எடுத்துக் கொடுத்தார்கள். உறையில் ‘கோகோபீட்’ என்று இருந்தது. “மண்ணே வேண்டாம் மேடம். சுத்தமானது, வெயிட் இருக்காது, லேடீஸே தூக்கலாம்” என்றார் கடைக்காரர். ஐந்து கிலோ கட்டி. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது பொங்கி, ஏறத்தாழ எழுபது லிட்டர் அளவுக்குத் தொட்டிகளை நிரப்பியது. மண்புழு உரம் கலந்து விதைத்தேன்.

கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் வந்த ஆச்சி, மிச்சத்தைப் போட்டு வைத்திருந்த தொட்டிக்குள் கையை விட்டாள். தூசியில் கை வைக்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் தடுப்பதற்குள் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து, விரலில் வழிந்த நீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“உப்பு கெடக்கு மக்களே. இது மழ பாக்காத சோறுல்லா?”

விலையைக் கேட்டாள். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “காசு குடுத்தா வாங்குன?”

*

சோறு என்று அவள் சொன்னது மலையாளத்திலிருந்து வந்த சொல். தேங்காய் மட்டையின் நாரிலிருந்து உதிரும் தூளை அங்கே சகிரிச்சோறு என்பார்கள். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அப்போது ஆச்சிக்குப் பதினாறு வயது. அதற்கும் ஏழு வருடம் முன்பிருந்தே மணக்குடிக் காயல் பக்கத்தில் அவள் கதம்பை அடித்துக்கொண்டிருந்தாள். கதம்பை என்பது எங்கள் ஊரில் தேங்காய் மட்டைக்குப் பெயர்.

முதுகலைப் படிப்பில் நான் வரலாற்று மாணவி. ஆய்வேட்டுக்குத் திருவிதாங்கூர் கயிற்றுத் தொழிலாளர்களைத்தான் எடுத்துக்கொண்டேன். 1859-இல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கியது, 1922-இல் அங்கே திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கம் அமைந்தது, 1938-இன் பொது வேலைநிறுத்தம் என எல்லாவற்றையும் எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆச்சி என் வீட்டில் சோற்றை நக்கிப் பார்த்த அன்றிரவு அந்த ஏட்டை எடுத்துப் புரட்டினேன். நூற்றுப் பத்துப் பக்கங்களில் ஒரு வரிகூட அந்தத் தூளைப் பற்றி இல்லை. ஆச்சியைப் பற்றியும் இல்லை. நான் எழுதியது தறிகளைப் பற்றி. தொழிற்சாலையில் தறியில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சங்கம் வைத்ததும், ஊர்வலம் போனதும், துப்பாக்கிச்சூட்டில் விழுந்ததும் ஆவணத்தில் இருந்தன. மட்டையை அடித்துப் பஞ்சாக்கி, கயிறு திரித்துத் தறிவரைக்கும் அனுப்பிய பெண்களின் வேலை முற்றத்திலும் காயல் கரையிலும் நடந்தது. அங்கே வருகைப் பதிவேடு கிடையாது.

என் ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெண்களின் அந்த உழைப்பைக் கவனித்த எழுத்துகள் அப்போதே இருந்தன. லீலா குலாட்டி 1981-இல் வெளியிட்ட நூலில், கேரளத்தின் ஏழைப் பெண்கள் ஐவரின் வாழ்க்கையை அருகிலிருந்து எழுதினார். அந்த ஐவரில் ஒருவர் கயிற்றுத் தொழிலாளி. நான் அதை அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டுக் கடந்துபோனேன்.

வேலை இப்படி நடக்கும். பச்சை மட்டையைக் கயிற்று வலையில் கட்டிக் காயலின் உவர்நீரில் அமிழ்த்திவிடுவார்கள். ஆறு முதல் பத்து மாதம் வரை அங்கே ஊறி அழுகும். எடுக்கும்போது கூமுட்டை உடைந்த வாடை வரும். பெண்கள் மேல்தோலை உரித்துப் போட்டு, மட்டையைக் கல்லில் வைத்துத் தடியால் அடிப்பார்கள். நார் பிரியப் பிரியச் சோறு சிதறி விழும். உதறி உதறி நாரைச் சுத்தம் செய்வார்கள். கூலி மட்டையின் எண்ணிக்கைக்கு. ஒரு கிலோ நார் எடுத்தால் கூடவே இரண்டு கிலோ தூள் விழும் என்பது பொதுவான கணக்கு. அதாவது அவள் கையால் அடித்துப் பிரித்ததில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பெயர் கழிவு.

“கல்யாணத்துக்கு மருதாணி வச்சாங்க. ரெண்டு கையும் செவந்துச்சு. வாட மட்டும் போவல” என்று ஆச்சி ஒருமுறை சொன்னாள். அவளுடைய குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டைக்காக எழுதிக்கொடுத்த படிவத்திலும் அவள் இல்லத்தரசி.

1859 என்ற வருடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆலப்புழையில் டாரா தொழிற்சாலை தொடங்கிய அதே ஆண்டின் ஜூலை 26-ஆம் தேதிதான், தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், சாணார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் வந்தது. உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. இரண்டையும் என் ஆய்வேட்டில் வெவ்வேறு இயல்களில் வைத்திருந்தேன். இடுப்பளவு அழுக்கு நீரில் இறங்கி மட்டை மூட்டையை இழுத்தவர்கள் எந்தச் சாதிப் பெண்கள் என்று யோசித்திருந்தால் ஒரே இயலில் வைத்திருப்பேன்.

*

கடைக்காரர் இதைப் புதுக் கண்டுபிடிப்புபோலச் சொன்னார். இணையத்தில் தேடினாலும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் 1860-களின் இங்கிலாந்துத் தோட்டக்கலை இதழ்களிலேயே தேங்காய் நார்க் கழிவுக்கு விளம்பரங்கள் உண்டு. லண்டனை ஒட்டிய நார் ஆலைகளில் மிஞ்சிய தூளை மூட்டையாகக் கட்டி விற்றார்கள். கண்ணாடி வீட்டுக்குள் பெரணி வளர்க்கவும், குச்சி நட்டு வேர்பிடிக்க வைக்கவும், தொட்டிகளைக் கழுத்துவரை புதைத்து ஈரம் காக்கவும் வாங்கினார்கள். காலனியிலிருந்து பாய்க்கும் கயிற்றுக்கும் போன பொருளின் மிச்சத்தில், காலனியிலிருந்தே போன செடிகள் வேர்விட்டன.

அந்தக் கண்ணாடி வீடுகளுக்குள் பெண்கள் சம்பளத்துக்கு நுழைந்தது பின்னால்தான். ஸ்வான்லி தோட்டக்கலைக் கல்லூரி 1891-இல் பெண்களைச் சேர்த்தது. அங்கே படித்த பெண்களைக் கியூ தாவரவியல் பூங்கா 1896-இல் தோட்டக்காரர்களாக எடுத்தது. ஆண்களின் கவனம் சிதறக் கூடாதென்று அவர்களுக்கும் ஆண்களைப்போலவே முழங்கால் வரையிலான பழுப்புக் காற்சட்டை. அதைப் பார்க்கவே லண்டனில் கூட்டம் சேர்ந்ததாம். மண்ணில் வேலை செய்யும் பெண் எதை உடுத்தலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அங்கேயும் அவளிடம் இல்லை. இதை ஒப்பீடாகச் சொல்லவில்லை. ஸ்வான்லிப் பெண்ணுக்குச் சான்றிதழ் இருந்தது, அவள் பெயர் கியூவின் ஆவணத்தில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் தேங்காய்த் தூளை எல்லோரும் மறந்தார்கள். சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்த கரிக்கரம்பை, அதாவது பீட், தொட்டிக் கலவையின் அடிப்படையானது. 1930-களில் ஜான் இன்னஸ் கலவை, 1960-களில் கார்னெல் பல்கலைக்கழகம் உருவாக்கிய மண்ணே இல்லாத கலவை, இரண்டிலும் பீட் உண்டு. சதுப்பு நிலம் அழிகிறது, அதில் உறைந்த கரியமிலம் காற்றில் கலக்கிறது என்ற எதிர்ப்பு 1980-களின் இறுதியில் வலுத்தபோதுதான் ஐரோப்பா மறுபடி தேங்காயின் பக்கம் திரும்பியது. அதனால்தான் இதற்குக் கோகோபீட் என்ற பெயர். சோறு என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருந்ததைக் கேட்க யாரும் வரவில்லை.

இதற்குள் சோறு விழும் இடமும் மாறியிருந்தது. 1970-களில், மட்டை அடிக்கும் இயந்திரம் வந்தால் லட்சக்கணக்கான பெண்களின் பிழைப்பு போகும் என்று கேரளத்தில் எதிர்ப்பு எழுந்தது. அரசும் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தியது. மட்டை லாரியேறித் தமிழ்நாட்டுக்கு வந்தது. பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கம் நார் ஆலைகள் பெருகின. காயல் வேண்டாம், பத்து மாதம் வேண்டாம். தண்ணீர் தெளித்து ஊறவைத்து இயந்திரத்தில் விட்டால் பழுப்பு நார் வந்துவிடும். அந்த எதிர்ப்பு சரியா தவறா என்று இன்றும் வாதிடுகிறார்கள். கேரளப் பெண்களுக்கு வேலை மிஞ்சவில்லை, கூலியும் உயரவில்லை என்பது ஒரு பக்கம். ஆனால் அந்த வேலை எத்தகையது என்று ஆச்சியின் வலது தோளைப் பார்த்தவள் நான். இயந்திரம் வந்ததற்காக அழ என்னால் முடியாது. இயந்திரத்தின் சொந்தக்காரியாக ஆச்சிகளில் ஒருத்தியும் ஆகவில்லையே என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. 1994-இல் மகளிர் கயிறு திட்டத்தின்கீழ் கயிறு வாரியம் பெண்களுக்கு மானியத்தில் ராட்டு கொடுத்தது. கயிறு திரிப்பவள் என்ற இடத்தில்தான் அரசும் அவளை வைத்திருந்தது.

ஆலைகளின் பக்கத்தில் தூள் மலையாகக் குவிந்தது. எளிதில் மக்காது, தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும். பிறகு ஏற்றுமதியாளர்கள் வந்தார்கள். உலர்த்தி, அழுத்தி, கட்டியாக்கி நெதர்லாந்துக்கும் கொரியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தக்காளிக் கூடாரங்களுக்கு அனுப்பினார்கள். இன்று இந்தியாவின் கயிறு சார்ந்த ஏற்றுமதியில் அளவில் முதலிடம் நாருக்கு இல்லை, சோற்றுக்குத்தான். நம் அரசு மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளைகளிலும் இந்தக் கட்டிகள் உண்டு.

*

இனி உப்புக்கு வருகிறேன். என் கீரையைக் கொன்றது அதுதான்.

தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் அதிகம். உவர்நீரில் ஊறினால் இன்னும் கூடும். தூளின் நுண்ணறைகள் தம் எடையைப்போல் எட்டு மடங்கு நீரைப் பிடித்து வைப்பதுபோலவே உப்பையும் பிடித்து வைக்கும். இளம் வேர் அதில் நீரை உறிஞ்சத் திணறும். இலையின் விளிம்பு கருகும். இன்னொரு சிக்கலும் உண்டு. பச்சைத் தூளில் கரிமம் நூறு பங்குக்கு மேல் இருந்தால் தழைச்சத்து ஒரு பங்குதான். அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் செடிக்கு நாம் போட்ட தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். உரம் போட்டும் செடி வெளிறுவது இதனால்தான். ஜன்னலோரத் தொட்டியில் மூன்றாவது ஒன்று: மேற்பரப்பு காய்ந்து வெளிறிக் காட்டும், அடியில் சொதசொதவென்று ஈரம் நிற்கும். நாம் பதறி மறுபடி ஊற்றுவோம். வேர் அழுகும், சின்னக் கொசு மாதிரிப் பூச்சி கூடம் முழுக்கப் பறக்கும். விரலைக் கணுவளவு உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுவதுதான் வழி.

இதையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆச்சியிடம் இது ஒரே வாக்கியமாக இருந்தது: “மூணு மழ பாக்கணும்.” காயல் கரையில் பள்ளத்தைத் தூர்க்கச் சோற்றைக் கொட்டுவார்கள். அந்த வருடம் அதில் புல்கூட முளைக்காது. மூன்று மழைக்காலம் போனபின் கறுத்து, கையில் எடுத்தால் மண்போல நொறுங்கும். அப்போது அங்கே மிளகாய் நாற்று விடுவார்கள், கீரை பாவுவார்கள். அதைப் பெண்கள் மட்டும்தான் செய்தார்கள், ஏனென்றால் அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம். மழை உப்பைக் கழுவியது. பூஞ்சை கரிமத்தைத் தின்றது. கயிறு வாரியத்தின் ஆய்வுநிலையம் உருவாக்கிய முறையில் சிப்பிக்காளான் இனப் பூஞ்சையும் யூரியாவும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் இதையே செய்கிறார்கள். நல்ல முறைதான்.

ஏற்றுமதிக்குப் போகும் தூளுக்கு அந்த ஒரு மாதமும் கிடையாது. உப்பளவு குறைந்தால்தான் அந்நிய நாட்டுக் கூடாரக்காரர் வாங்குவார். அதனால் நிலத்தடி நீரை இறைத்துக் கழுவுகிறார்கள். சுண்ணாம்புச்சத்துள்ள கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து எஞ்சிய சோடியத்தைப் பெயர்த்து எடுத்து மறுபடி கழுவுகிறார்கள். கழுவிய நீர் தேயிலைச் சாயமாக ஓடும். கிணறு பழுப்பாகிறது, குடிக்க முடியவில்லை என்று அந்தப் பகுதிகளின் ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள். தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் இந்தத் தொழிலை, மாசற்றதென்று கருதப்படும் வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். கிணறு கெட்டால் அடுத்த ஊருக்குக் குடத்தோடு நடப்பது யார் என்று நான் எழுதத் தேவையில்லை. உலர்களங்களில் வெயிலில் தூளைப் பரப்பிக் கிளறுபவர்களிலும் பெண்கள் பலர், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு. ‘சுத்தமானது, லேசானது’ என்ற சொற்களின் பின்னால் அவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “தொட்டியில எதுக்கு வளக்கணும்? நெலம் இருந்தா வளப்பமா?” தாத்தாவுக்கு ஈத்தாமொழிப் பக்கம் பூர்வீகமாகப் பன்னிரண்டு தென்னை நின்ற நிலம் இருந்தது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டென்றது. அதற்கு முன்பே திருமணமானவர்களை விலக்கியது. அம்மாவுக்கு 1984-இல் கல்யாணம். மாமாக்கள் 1996-இல் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்தார்கள். 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் உரிமை தந்தபோது பழைய பாகப்பிரிவினைகளைத் தொடவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலத்தை நடத்துபவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம். மற்றவர்களில் கொஞ்சம் பேர் என்னைப்போல ஜன்னல்களில் இருக்கிறோம்.

*

ஆச்சி சொன்னபடி மிச்சத் தூளை மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தேன். மூன்றாம் நாள் அவள் மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையசைத்தாள். அதோடு மூன்றிலொரு பங்கு செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்த்தேன். செம்மண்ணைத் தூக்கிப் படியேறியதும் நானேதான், ஒன்றும் ஆகவில்லை. அவள் ஊருக்குப் போன மறுவாரம் கீரை முளைத்தது. இருபத்தைந்தாம் நாள் ஒரு கைப்பிடி கிள்ளினேன். இருவருக்குக் காணாது, இருந்தாலும் பூண்டு போட்டுக் கடைந்தேன்.

இரவு போன் செய்து சொன்னேன். அவள் கீரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“கழுவுன தண்ணிய எங்க மக்களே கொட்டுன?”

குளியலறையில், என்றேன்.

“தென்ன மூட்டுல விட்டுருக்கலாமே. அதுக்கு உப்புன்னா உசுருல்லா.”

இங்கே தென்னை இல்லை ஆச்சி, என்றேன்.